தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் இழப்பீடு பெற ஒரு முழுமையான வழிகாட்டி

"முதலில் கேஸ் முடியட்டும், அவனுக்குத் தண்டனை கிடைக்கட்டும், அப்புறம் பணத்தைப் பற்றிப் பார்க்கலாம்." பாலியல் வன்முறை வழக்குகளில் குடும்பத்தார் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். சில நேரம் வழக்கறிஞர்களே சொல்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எஃப்ஐஆர் பதிவான மறுநாளே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் கேட்கலாம். வழக்கு விடுதலையில் முடிந்தாலும் கேட்கலாம். பெரும்பாலான குடும்பங்கள் பணத்தை இழப்பது கேட்கத் தெரியாததால் அல்ல, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காததால்தான்.

இன்னொரு தயக்கமும் உண்டு. "பணம் கேட்டால், பணத்துக்காகத்தான் புகார் கொடுத்தாய் என்று பேசுவார்கள்." பேசத்தான் செய்வார்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் கேட்பார். ஆனால் இங்கே நாம் முதலில் பேசப்போகும் தொகையைத் தருவது அரசு, குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல. குடிமகளைக் காக்கத் தவறிய அரசு, அவள் மீண்டு எழுவதற்குச் செய்யும் கடமை அது. "சட்டம் தரச் சொல்கிறது, கேட்டேன்" என்பதே போதுமான பதில்.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கானது. மத்தியச் சட்டங்கள் சார்ந்த பகுதிகள் மற்ற மாநிலங்களுக்கும் பொருந்தும்.

எங்கிருந்தெல்லாம் பணம் வரலாம்

ஒரே சம்பவத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் திறந்திருக்கும். பலர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக அரசு தரும் இழப்பீடு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 357ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 396-வது பிரிவு. இந்தப் பிரிவின் கீழ் பெண்களுக்காகத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு, அதாவது நால்சா, 2018-ல் ஒரு திட்டம் வகுத்தது. நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டமான போக்சோவின் கீழ் சிறப்பு நீதிமன்றமே நேரடியாக உத்தரவிடும் இழப்பீடு. சிறுமி, சிறுவன் இருவருக்கும் உண்டு.

மூன்றாவது, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும், குற்றம் செய்தவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிவாரணம்.

நான்காவது, வேலையிடத்தில் நடந்த துன்புறுத்தல் என்றால் உள்ளகப் புகார் குழு பரிந்துரைக்கும் தொகை.

ஐந்தாவது, உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்ட ஈடு வழக்கு. ஆறாவது, அரசோ அரசு நிறுவனமோ தவறு செய்திருந்தால் அரசுக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு.

இவை போக, தண்டனையோடு விதிக்கப்படும் அபராதத்தைப் பாதிக்கப்பட்டவருக்கே தர வேண்டும் என்று போக்சோவின் 4, 6 பிரிவுகளும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளும் சொல்கின்றன. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. சிறைக்குப் போனவரிடமிருந்து அபராதம் வசூலாவது அபூர்வம். அதை நம்பி உட்கார வேண்டாம்.

முதல் படி: சி.எஸ்.ஆர். அல்ல, எஃப்ஐஆர்

தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குப் போனால் பல நேரம் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வந்தது என்பதற்கான ஒப்புதல் சீட்டு அது, அவ்வளவுதான். இழப்பீட்டு மனுவுக்கு அது போதாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் வேண்டும். அதை இலவசமாகத் தருவது காவல் நிலையத்தின் கடமை. சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் அருகிலிருக்கும் நிலையத்தில் புகார் தரலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

எஃப்ஐஆரில் எந்தெந்தப் பிரிவுகள் போடப்பட்டிருக்கின்றன என்று கட்டாயம் பாருங்கள். இழப்பீட்டுத் தொகை அதைப் பொறுத்தே அமைகிறது. தொடர்ந்து பல மாதங்கள் நடந்த கொடுமையை ஒரு நாள் சம்பவமாக எழுதியிருக்கலாம், சாதிச் சான்றிதழ் இருந்தும் வன்கொடுமைப் பிரிவு விடுபட்டிருக்கலாம். எழுத்துப்பூர்வமாகச் சுட்டிக்காட்டி, பிரிவை மாற்றச் சொல்லிக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் சான்று இருக்கும்.

குழந்தை வழக்கு என்றால் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். தந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தக் குழுவுக்கு ஒரு முக்கியமான அதிகாரம் இருக்கிறது. உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குச் சிறப்பு நிவாரணம் தரச் சொல்லி அது பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் அந்தப் பணத்தைத் தர வேண்டும் என்கிறது 2020-ம் ஆண்டு போக்சோ விதிகளின் 8-வது விதி. இது இழப்பீடு அல்ல, கைச்செலவுக்கு. ஆனால் அம்மா கூலி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அலையும் அந்த முதல் வாரங்களில் இதற்கு இருக்கும் மதிப்பு தனி. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

சிகிச்சைக்குப் பணம் கட்டாதீர்கள். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். மறுப்பது குற்றம்.

இரண்டாம் படி: கோப்பு ஒன்று போடுங்கள்

எஃப்ஐஆர் நகல், மருத்துவ அறிக்கை, வயதுக்குச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சாதிச் சான்றிதழ் இருந்தால் அது. இவை எல்லோரும் சொல்லும் பட்டியல்.

நான் இன்னொன்றைச் சேர்ப்பேன்: ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு. எந்தத் தேதியில் எந்த மருத்துவமனை, எத்தனை நாள் பள்ளிக்கோ வேலைக்கோ போகவில்லை, எந்தத் தேர்வு எழுதவில்லை, வாடகை வீடு மாற வேண்டி வந்ததா, முன்பணம் எவ்வளவு, இரவில் தூக்கம் எப்படி, என்ன மாத்திரை. ஏன் இது முக்கியம் என்றால், தொகையை முடிவு செய்யும்போது பார்க்க வேண்டிய விஷயங்களைச் சட்டமே வரிசையாகச் சொல்லியிருக்கிறது: கொடுமையின் தன்மை, உடலுக்கும் மனதுக்கும் ஏற்பட்ட பாதிப்பு, சிகிச்சைச் செலவு, கல்வி வாய்ப்பு இழப்பு, வேலை இழப்பு, குற்றவாளிக்கும் குழந்தைக்கும் உள்ள உறவு, ஒருமுறை நடந்ததா தொடர்ந்து நடந்ததா, கர்ப்பம், பால்வினை நோய், உடல் ஊனம், குடும்பத்தின் பொருளாதார நிலை. போக்சோ விதிகளின் 9-வது விதி இதைத் தெளிவாகப் பட்டியலிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரியாவது இருந்தால் மனு தானாக எழுதி வந்துவிடும்.

எஃப்ஐஆர் நகலை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், நெருங்கிய உறவாக இருந்தாலும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம்.

மூன்றாம் படி: இடைக்கால இழப்பீட்டு மனு

இந்தப் படியில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பிய பெண் என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். அங்கேயும் வழி காட்டுவார்கள். விண்ணப்பப் படிவம் அங்கேயே கிடைக்கும். கட்டணம் எதுவும் இல்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரப்படும். பாதிக்கப்பட்டவர் சார்பில் குடும்பத்தாரோ, அந்தப் பகுதி காவல் நிலைய அதிகாரியோ கூட விண்ணப்பிக்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் முதலில் பேசிப் பாருங்கள்.

நால்சா திட்டத்தில் பலருக்குத் தெரியாத ஓர் ஏற்பாடு உண்டு. விண்ணப்பம் வந்தவுடனேயே 5,000 ரூபாய், தேவையைப் பொறுத்து 10,000 வரை, உடனடியாகத் தர வேண்டும். அதன் பிறகு தரும் இடைக்கால நிவாரணம், அந்தக் குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தொகையில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வல்லுறவுக்கு அதிகபட்சம் 7 லட்சம் என்பதால், இடைக்காலத் தொகை குறைந்தது 1,75,000 ரூபாய் என்று கணக்கு வருகிறது. "இப்போதைக்கு ஐம்பதாயிரம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள்.

பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் மனு போக வேண்டிய இடம் போக்சோ சிறப்பு நீதிமன்றம். எஃப்ஐஆர் பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிட அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. யாரும் கேட்காமலே தானாகவும் உத்தரவிடலாம். அதை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். ஒரே நாளில் நாற்பது ஐம்பது வழக்குகள் வாய்தாவுக்கு வரும் நீதிமன்றத்தில், கேட்பவர் மனுதான் மேலே வரும். அரசு வழக்கறிஞர் வழியாகவோ, குழந்தைக்கென்று இலவச சட்ட உதவியில் அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் வழியாகவோ மனு போடலாம். உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் அரசு பணத்தைத் தர வேண்டும். இடைக்காலத்தில் பெற்ற தொகை இறுதித் தொகையில் கழித்துக்கொள்ளப்படும்.

மனுவில் என்ன எழுதுவது? வழக்கமாக இப்படி எழுதுகிறார்கள்:

"மனுதாரரின் மகள் மேற்படி சம்பவத்தால் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகி மிகுந்த வேதனையில் உள்ளார். ஆகவே தகுந்த இழப்பீடு வழங்கக் கோருகிறோம்."

உண்மைதான், ஆனால் இதை வைத்து ஒரு நீதிபதி எந்தத் தொகையைப் போடுவார்? நோட்டைப் பார்த்து இப்படி எழுதுங்கள் (இதில் எதிரி என்பது வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்):

"சம்பவத்துக்குப் பிறகு குழந்தை காலாண்டுத் தேர்வு எழுதவில்லை. பள்ளிக்குப் போகும் வழியிலேயே எதிரியின் வீடு இருப்பதால் வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டியுள்ளது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாதம் இருமுறை சிகிச்சை பெறுகிறாள். ஒவ்வொரு முறையும் தாய்க்கு ஒரு நாள் கூலியும், இருவருக்குப் பேருந்துக் கட்டணமும் செலவாகிறது. குடும்பத்தின் ஒரே வருமானம் தாயின் கூலி மட்டுமே. எதிரி குழந்தையின் நெருங்கிய உறவினர் என்பதால் வீட்டை விட்டு வெளியேறி வாடகைக்குக் குடியிருக்கிறோம்."

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் கல்வி இழப்பு, சிகிச்சை, பொருளாதார நிலை, குற்றவாளியோடு உள்ள உறவு ஆகிய நான்கு அம்சங்களும் இதில் வந்துவிட்டதைக் கவனியுங்கள். மனநல மருத்துவரின் சீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் இணைத்தால், மறுப்பதற்கு இடமில்லை.

மனுவின் தலைப்பில் பெயர் போடாமல் "பாதிக்கப்பட்டவர், குற்ற எண் இத்தனை" என்று குறிப்பிடுங்கள். பெயர் விவரத்தை மூடிய உறையில் தரலாம்.

எவ்வளவு கிடைக்கும்

நால்சா திட்டத்தின் அட்டவணைப்படி வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம். கூட்டு வல்லுறவுக்கு 5 முதல் 10 லட்சம். அதனால் கர்ப்பம் ஏற்பட்டிருந்தால் 3 முதல் 4 லட்சம். மறுவாழ்வு தேவைப்படும் அளவுக்கு மனப் பாதிப்பு இருந்தால் 1 முதல் 2 லட்சம். ஒன்றுக்கு மேற்பட்ட தலைப்பில் பாதிப்பு இருந்தால் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கிடக் கேட்கலாம். இதுவும் பெரும்பாலான மனுக்களில் விட்டுப்போகும் வரி.

சிறார் என்றால் வரம்பு 50 சதவீதம் உயரும். அதாவது வல்லுறவுக்கு 6 முதல் 10.5 லட்சம், கர்ப்பத்துக்கு 4.5 முதல் 6 லட்சம். நால்சா திட்டம் பெண்களுக்கானது என்றாலும், குழந்தைகள் விஷயத்தில் சிறுவர்களுக்கும் சேர்த்து இதை ஒரு வழிகாட்டியாகக் கொள்ளச் சொல்லி 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எனவே சிறுவனின் பெற்றோர் "இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தானே" என்று ஒதுங்க வேண்டியதில்லை.

வயது வந்த ஆண்களின் நிலைதான் மோசம். பழைய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவுக்கு இணையான ஒன்று புதிய சட்டத்தில் இல்லை. காயம் ஏற்படுத்துதல் போன்ற பிரிவுகளில்தான் வழக்குப் பதிய வேண்டியிருக்கிறது. பெண்களுக்கான நால்சா திட்டமும் அவர்களுக்குப் பொருந்தாது. சட்டம் இயற்றியவர்கள் விட்ட பெரிய ஓட்டை இது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நிவாரணம் வேறு கணக்கு. மத்திய விதிகளின்படி வல்லுறவுக்கு 5 லட்சம், கூட்டு வல்லுறவுக்கு 8.25 லட்சம். மருத்துவப் பரிசோதனை உறுதி செய்ததும் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் கால் பங்கு, விசாரணை நீதிமன்றத்தில் வழக்கு முடிந்ததும் மீதி. தமிழ்நாடு அரசு இந்த நிவாரணத்தின் உச்ச வரம்பை 12 லட்சமாக உயர்த்துவதாக 2021-ல் அறிவித்தது. எனவே பழைய பட்டியலை வைத்து யாராவது பேசினால் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் நடப்புத் தொகையைக் கேளுங்கள். இந்த நிவாரணம் மற்றச் சட்டங்களின் கீழ் இழப்பீடு கேட்கும் உரிமையைப் பறிக்காது என்று விதியே சொல்கிறது. அதேசமயம், ஓரிடத்தில் வாங்கியதை இன்னோரிடத்தில் மறைக்காதீர்கள். படிவத்தில் கேட்பார்கள், உள்ளதை எழுதுங்கள்.

நான்காம் படி: இறுதி இழப்பீடு

விசாரணை முடியும் கட்டத்தில் வாதத்தின்போதே இழப்பீட்டை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிட வேண்டும். இழப்பீடு பற்றி ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம் மனம் செலுத்தி யோசிக்க வேண்டும், காரணமும் பதிவு செய்ய வேண்டும் என்று அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் நீதிபதி நாகரத்னா தலைமையிலான அமர்வு இன்னும் ஒரு படி மேலே போய், பெண்கள் குழந்தைகள் மீதான பாலியல் வழக்குகளில் இழப்பீட்டுக்கான உத்தரவை அமர்வு நீதிமன்றங்கள் பிறப்பிக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் அறிவுறுத்தியது.

குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால்? போக்சோ விதி நேரடியாகவே பதில் சொல்கிறது: தண்டனை, விடுதலை, விசாரணைக்கு முன்பே விடுவிப்பு, ஆள் அகப்படாத நிலை எதுவானாலும், குழந்தைக்குப் பாதிப்பு ஏற்பட்டிருப்பதாக நீதிமன்றம் கருதினால் இழப்பீடு தரலாம். பெரியவர்கள் வழக்கிலும் 396-வது பிரிவின்படி விசாரணை நீதிமன்றம் மறுவாழ்வுக்காகப் பரிந்துரைக்கலாம். ஆள் யாரென்றே தெரியாமல் வழக்கு நடக்காத நிலையில், பாதிக்கப்பட்டவரே ஆணைக்குழுவில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும்.

பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13-ல் கோவை மகிளா நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தபோது, பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் இழப்பீடும் அறிவித்தது. செய்திகளில் தண்டனைதான் பெரிதாக வந்தது.

ஐந்தாம் படி: பணம் கைக்கு வருவது

உத்தரவு வந்ததும் முழுத் தொகையும் கணக்கில் வந்து விழும் என்று எண்ண வேண்டாம். நால்சா திட்டப்படி வயது வந்தவருக்கு 25 சதவீதம் உடனே பயன்படுத்த, 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு வைப்பு நிதியில். சிறாருக்கு 80 சதவீதம் வைப்பு நிதியில், 18 வயது வரை, ஆனால் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு. வட்டி மாதாமாதம் சேமிப்புக் கணக்குக்கு வரும். 6 லட்சம் உத்தரவானால் 4,80,000 வைப்பில் போய்விடும், 1,20,000 கையில். கல்விக்கோ மருத்துவத்துக்கோ முன்கூட்டியே தேவைப்பட்டால் ஆணைக்குழுவிடம் மனு போடலாம். கல்லூரிக் கட்டண ரசீதோடு போனால் நல்லது.

வங்கிக் கணக்கு விஷயத்தில் கறாராக இருங்கள். குழந்தையின் கணக்குக்குப் பாதுகாவலர் யார்? தந்தையோ தாய்மாமனோ எதிரியாக இருக்கும் வழக்கில், அவர் பெயர் இருக்கும் பழைய கூட்டுக் கணக்கைக் கொடுத்துவிடும் கூத்தும் நடக்கிறது. புதிதாக ஒரு கணக்குத் தொடங்குங்கள். பாதுகாவலராக யாரும் இல்லை என்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள்.

நீதிமன்ற வளாகத்தில் "நான் வாங்கித் தருகிறேன், வந்ததில் பத்துப் பர்சென்ட்" என்று யாராவது அணுகினால் விலகி வந்துவிடுங்கள். ஆணைக்குழுவின் சேவை முழுக்க இலவசம். வந்த தொகையில் பங்கு என்று பேசிக் கட்டணம் வாங்க வழக்கறிஞருக்கே பார் கவுன்சில் விதி தடை போட்டிருக்கிறது.

உத்தரவு வந்தும் பணம் வராமல் இழுப்பதுதான் இந்த அமைப்பின் பெரிய நோய். "நிதி வரவில்லை" என்பார்கள். முதலில் எழுத்துப்பூர்வ நினைவூட்டல், அப்புறம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் புகார், அதற்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் அல்லது மதுரைக் கிளையில் ரிட். தொகை குறைவாக இருக்கிறது என்றால், மாவட்ட ஆணைக்குழுவின் உத்தரவுக்கு எதிராக 30 நாட்களுக்குள் மாநில ஆணைக்குழுவில் மேல்முறையீடு. குற்றவியல் நீதிமன்றம் விதித்த இழப்பீடு போதவில்லை என்றாலும் மேல்முறையீடு செய்யப் பாதிக்கப்பட்டவருக்குச் சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது. அரசு செய்யட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வேலையிடத்தில் நடந்திருந்தால்

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, கடைசிச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார் குழுவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். மன வேதனை, தொழில் வாய்ப்பு இழப்பு, மருத்துவச் செலவு, எதிர்த்தரப்பின் வருமானம் ஆகியவற்றைப் பார்த்துத் தொகையைப் பரிந்துரைப்பார்கள். அதை அவர் சம்பளத்தில் பிடிக்கலாம். புகார்க் கடிதத்திலேயே இழப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

உரிமையியல் வழக்கு: யாருக்குப் பயன்படும்

குற்றவியல் வழக்கோடு சேர்த்தோ தனியாகவோ, குற்றம் செய்தவர் மீதும் அவரை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்தின் மீதும் நஷ்ட ஈடு வழக்குப் போடலாம். நம் ஊரில் இது அபூர்வம். காரணம் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கணக்கில் இழுக்கும், மறுபடி சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். பணம் தரச் சொல்லும் தீர்ப்பாணை (டிக்ரி) கிடைத்தும் எதிர்த்தரப்புக்குச் சொத்து இல்லை என்றால் அது வெறும் தாள்.

ஆனால் எதிரே நிற்பது வசதியான நபரோ, தனியார் பள்ளியோ, விடுதியோ, அறக்கட்டளையோ என்றால் யோசிக்கத் தகுந்த வழி. குறிப்பாக, முன்பே புகார் வந்தும் நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்பதற்கு ஆதாரம் இருந்தால் நிறுவனத்தின் அலட்சியத்தைக் காட்ட முடியும். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற குற்றவியல் அளவுகோல் இங்கே இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அரசு வழியாக வாங்கிய இழப்பீடு இதற்குத் தடையல்ல, எதிரியிடமிருந்து குற்றவியல் நீதிமன்றம் வாங்கித் தந்த தொகையை மட்டும் உரிமையியல் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

கால வரம்பு மூன்று ஆண்டு. சிறு வயதில் நடந்திருந்தால் 18 வயது நிரம்பியதிலிருந்து மூன்று ஆண்டு, அதாவது 21 வயது வரை. இந்த வயதைத் தாண்டிய பிறகுதான் பலருக்குப் பேசவே தைரியம் வருகிறது என்பது சட்டத்துக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். 20 லட்சம் கேட்டால் 60,000. கட்ட இயலாதவர்கள் வறியவர் என்று மனு செய்து கட்டணமின்றி வழக்கு நடத்தலாம். சட்ட உதவி பெறும் பெண்களுக்கு இந்தச் செலவை ஆணைக்குழுவே ஏற்கும். வழக்குப் போடும்போதே எதிர்த்தரப்பு சொத்தை விற்காமல் தடுக்க முன்கூட்டியே ஜப்தி கேட்கும் மனுவையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அந்த மனு இல்லாமல் போடும் வழக்கில், வீடு மைத்துனர் பெயருக்குப் போக அதிக நாள் ஆகாது.

அரசே தவறு செய்திருந்தால்

ஹவுரா ரயில் நிலையத்தின் யாத்ரி நிவாஸில் ரயில்வே ஊழியர்களின் கூட்டு வல்லுறவுக்கு ஆளான வங்கதேசப் பெண்ணுக்கு 10 லட்சம் ரூபாய் தரும் பொறுப்பு ரயில்வேக்கு உண்டு என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தர்மபுரி மாவட்ட மலைக் கிராமமான வாச்சாத்தியில் 1992 ஜூனில் சீருடை அணிந்த அரசு ஊழியர்கள் 18 பெண்களுக்குச் செய்த கொடுமைக்கு, தலா 10 லட்சம் வழங்கவும் அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும் 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 31 ஆண்டுகள். சீருடையில் இருந்தவர்களே எதிரிகள் என்றால் எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு அதுவே கணக்கு.

இன்னொன்று, வளாகத்திலேயே பாலியல் வன்முறைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கு. எஃப்ஐஆர் இணையத்தில் வெளியாகி அவரது அடையாளம் கசிந்ததற்காக, சம்பவம் நடந்த அந்த மாதத்திலேயே, 2024 டிசம்பர் 28-ல், 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றத்துக்கான இழப்பீடு வேறு, அதன் பிறகு அரசு இயந்திரம் செய்த தவறுக்கான இழப்பீடு வேறு. புகார் வாங்காமல் அலைக்கழித்தது, பெயரை வெளியிட்டது, அரசு விடுதியில் பாதுகாப்பு இல்லாமல் விட்டது போன்றவை நடந்திருந்தால் தேதியோடு குறித்து வைத்து, ரிட் மனு போட முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சமாதானம் பேச வருபவர்கள்

பணம் என்று வரும்போது இவர்களும் வருவார்கள். ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், சில நேரம் சொந்தச் சித்தப்பா. "இரண்டு லட்சம் தருகிறார்கள், பிள்ளை பெயர் கெடாமல் முடித்துக்கொள்ளுங்கள்." இது இழப்பீடு அல்ல. பாலியல் வழக்கைச் சமரசத்தின் பேரில் ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் ராஜஸ்தான் ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த இரண்டு லட்சத்தை வாங்கினால், நாளைக்கு நீதிமன்றத்தில் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியாக நிற்க வேண்டிய நெருக்கடி வரும். அரசு தரும் தொகை அதைவிட அதிகம் என்பதைக் குடும்பத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினாலே பாதிப் பேச்சு அடங்கும். மிரட்டலாக வந்தால் யார், எப்போது, என்ன சொன்னார் என்று எழுதி விசாரணை அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் கொடுங்கள்.

நாள் கடந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு

போக்சோ குற்றத்தைப் புகார் செய்யக் கால வரம்பு இல்லை. 2012 நவம்பர் 14-க்குப் பிறகு சிறு வயதில் நடந்ததை, இப்போது 25 வயதில் இருப்பவரும் புகார் செய்யலாம்; எஃப்ஐஆர் பதிவானால் இழப்பீடும் கேட்கலாம். அதற்கு முன்பு நடந்தது என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளில் வழக்கு வரும். நால்சா திட்டத்தில் விண்ணப்பிக்க, சம்பவம் நடந்ததிலிருந்தோ வழக்கு முடிந்ததிலிருந்தோ மூன்று ஆண்டு என்று வரம்பு இருந்தாலும், தக்க காரணம் சொன்னால் தாமதத்தை மன்னிக்க இடமுண்டு. வழக்கு முடிந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது, தீர்ப்பில் இழப்பீடு பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். தாமத மன்னிப்பு மனுவுக்கு மாதிரிப் படிவம் தேட வேண்டாம். "இப்படி ஓர் உரிமை இருப்பதாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்பதைத் தேதிகளோடு எழுதினாலே அது ஒரு காரணம்தான்.

குழந்தைகளுக்கு உதவி எண் 1098. பெண்களுக்கு 181, அவர்கள் வழியாகவே மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் அடையலாம்.